சிபாப் டியூப்பில் தண்ணீர் தேங்குகிறதா? மாஸ்க்கைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

உங்கள் வீட்டில் யாராவது சிபாப் மெஷின் போட்டுத் தூங்குகிறார்களா? அப்படியென்றால் இந்தச் சத்தம் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கு டியூப்புக்குள் ஏதோ கொதிப்பது போல 'கொளகொள' என்று கேட்கும். புரண்டு படுத்தால் ஜில்லென்று தண்ணீர் மூக்கிலோ உதட்டிலோ தெறிக்கும். தூக்கம் போய்விடும். அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: மாஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வது.

சின்ன விஷயம் மாதிரி தெரிகிறது இல்லையா? ஆனால் சிபாப் என்பது மாத்திரை மாதிரி உள்ளே போய் வேலை செய்யும் மருந்து அல்ல. தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறதே, ஸ்லீப் ஆப்னியா, அதற்குக் காற்றின் அழுத்தத்தால் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிற கருவி அது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் அவரது குழுவும் 1981-இல் இதைப் பற்றி முதன்முதலாக எழுதினார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை ஒன்றே: முகத்தில் இருக்கும் வரைதான் பலன். கழற்றினால் அன்று ராத்திரியே மூச்சு நிற்பது திரும்பி வந்துவிடும். ரத்த அழுத்தம், பகலில் கண்ணைச் சொருகும் தூக்கம், அந்தத் தூக்கத்தோடு பைக்கோ காரோ ஓட்டுவது எல்லாம் அதன் பின்னாலேயே வரும். ஒரு கரண்டி தண்ணீருக்காக விட்டுவிடக்கூடிய சிகிச்சை இல்லை இது. தண்ணீரை நிறுத்துவது அவ்வளவு கஷ்டமும் இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மெஷின் பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். அநேகமாகப் பழுது எதுவும் இருக்காது. ஐஸ் போட்ட ஜூஸ் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். டம்ளரில் ஓட்டை இல்லை. காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. டியூப்பில் நடப்பதும் இதுவேதான், ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே ஈரக்காற்று உள்ளே இருக்கிறது, குளிர் வெளியே இருக்கிறது. அதனால் வியர்வை டியூப்பின் உட்பக்கம் படிகிறது. மெஷின் விற்பவர்கள் இதை 'ரெயின்அவுட்' என்பார்கள். டியூப்புக்குள் மழை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உள்ளே ஈரக்காற்று ஏன்? ராத்திரி முழுக்க வறண்ட காற்று வேகமாக மூக்குக்குள் போனால் மூக்கு காயும், அடைக்கும், தொண்டை வறளும். அதனால்தான் மெஷினோடு ஹியூமிடிஃபையர் என்ற தண்ணீர்த் தொட்டி வருகிறது. அடியில் இருக்கிற சூடான தட்டு தண்ணீரை வெதுவெதுப்பாக்குகிறது. மேலே போகிற காற்று அந்த ஈரத்தை எடுத்துக்கொண்டு டியூப்புக்குள் நுழைகிறது. டியூப்பின் நீளம் சாதாரணமாக ஆறடி. அந்த ஆறடியைக் கடப்பதற்குள் காற்று அறையின் குளிருக்கு இறங்கிவிடுகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டால் முழு விஷயமும் புரிந்துவிடும். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு ஈரத்தைத் தாங்கும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் தண்ணீரைத் தாங்கும். 24 டிகிரியில் சுமார் 22 கிராம். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான். இப்போது உங்கள் ஹியூமிடிஃபையரிலிருந்து காற்று கன மீட்டருக்கு 20 கிராம் ஈரத்தோடு கிளம்புகிறது என்று வையுங்கள். ஏ.சி. 24-இல் இருந்தால் டியூப் அந்த 20 கிராமைத் தாங்கிக்கொள்ளும், ஒரு சொட்டுகூட விழாது. ஏ.சி. 20-இல் இருந்தால் 17 போக மிச்சம் 3 கிராமைக் கீழே போட்டுத்தான் ஆக வேண்டும்.

மூன்று கிராம்தானே என்று தோன்றும். ஆனால் மாஸ்க்கின் வெளியேற்றத் துளை வழியாகக் காற்று ராத்திரி முழுக்கப் போய்க்கொண்டே இருக்கிறது. அழுத்தம் 10 வைத்திருப்பவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு 14,000 லிட்டருக்கு மேல், அதாவது 14 கன மீட்டர். மூன்று மூன்று கிராமாகச் சேர்ந்தால் 40 மில்லிக்கு மேல் தண்ணீர். இருமல் மருந்து மூடியால் அளந்தால் நாலு மூடி. டியூப் தொங்கும் பள்ளத்தில் அவ்வளவும் போய் நின்றால் கொளகொள என்று சத்தம் வராமல் என்ன செய்யும்?

ஆக, தண்ணீர் விழாமலிருக்க ஒரே ஒரு நிபந்தனைதான்: டியூப்புக்குள் போகிற ஈரத்தின் அளவை டியூப்பின் சூடு தாங்க வேண்டும். ஈரத்தைக் குறைக்கலாம், டியூப்பைச் சூடாக வைக்கலாம், இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாம். இனி சொல்வதெல்லாம் இதைச் செய்யும் வழிகளே.

முதலில் ஏ.சி. ரிமோட்டைப் பாருங்கள்

நம்ம ஊரில் இந்தத் தொல்லையின் பெரும்பங்கு ஏ.சி.யால் வருவது. குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் படுக்கையறை குளிர்ந்துபோய் டியூப்பில் தண்ணீர் சேரும். நாம் சித்திரை மாசத்திலும் அந்தக் குளிரைக் காசு கொடுத்து வரவழைக்கிறோம்! அதனால் மெஷினைத் தொடும் முன் ஏ.சி.யை 24-க்கோ 25-க்கோ ஏற்றிப் பாருங்கள். மின்விசிறியையும் மெதுவாகச் சுற்றவிட்டால் வேர்க்காது. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரையோடு வருகிற வீட்டு ஏ.சி.கள் எல்லாம் தொடங்கும்போதே 24 டிகிரியில் இருக்க வேண்டும் என்று எரிசக்தித் திறன் அமைப்பு விதி வைத்திருக்கிறது. மின்சாரத்தைச் சேமிக்க வந்த அந்த எண் உங்கள் டியூப்புக்கும் தோதான எண்.

ரிமோட்டில் 'ஸ்லீப்' என்றொரு பட்டன் இருக்கும். பல ஏ.சி.களில் அதை அழுத்தினால் நேரம் போகப்போக வெப்பநிலை ஒரு டிகிரி, இரண்டு டிகிரி தானாக ஏறும். அதிகாலையில் அறை அதிகமாகக் குளிர்ந்து தண்ணீர் கட்டுபவர்களுக்கு இது நல்ல உபாயம்.

எண்ணைவிட முக்கியமானது, ஏ.சி.யின் காற்று எங்கே போய் விழுகிறது என்பது. ஏ.சி. வாயிலிருந்து வருகிற காற்று அறையின் வெப்பநிலையைவிடப் பல டிகிரி குளிர்ந்தது. அது நேராக டியூப் மேல் விழுந்தால், ரிமோட் 24 என்று காட்டினாலும் டியூப் அதற்கும் கீழேதான் இருக்கும். கையை டியூப் போகும் பாதையில் வைத்துப் பாருங்கள். குளிர்காற்று அடித்தால் ஏ.சி.யின் இறக்கையை மேல்பக்கம் திருப்புங்கள், இல்லையென்றால் மெஷினை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். கட்டிலைத் திருப்பிப் போடுவதைவிட மெஷினை மாற்றுவது சுலபம்.

ஹியூமிடிஃபையர் எண்ணை ஏற்றுவதே தப்பான மருந்தாகலாம்

'வாய் வறண்டு போகிறது' என்று சொல்லி எண்ணை 5, 6 என்று ஏற்றிவைப்பவர்கள் நிறைய. ஆனால் வாய் வறள்வதற்கு ஈரக் குறைவு மட்டும் காரணம் இல்லை. மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் பக்கவாட்டில் காற்று கசிந்தாலோ, மூக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்கினாலோ, காற்று கூடுதல் வேகத்தில் ஓடி வாயைக் காயவைக்கும். அப்போது ஈரத்தை ஏற்றினால் வாய் அப்படியேதான் இருக்கும், டியூப் மட்டும் நனையும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இப்போதைய மெஷின்கள் பலவும் காலையில் கசிவின் அளவைத் திரையிலோ கைபேசிச் செயலியிலோ காட்டுகின்றன. அது அதிகம் என்று காட்டினால் மாஸ்க்கின் அளவையும் பட்டையையும் முதலில் சரிசெய்யுங்கள். குஷன் பழசாகித் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். தூக்கத்தில் வாய் திறந்துகொள்கிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வகை மாஸ்க் தேவைப்படலாம். நீங்களாக வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகு, ஈரத்தின் எண்ணை ஒரு ராத்திரிக்கு ஒன்று என்று இறக்குங்கள். தண்ணீர் நின்றுபோய், மூக்கும் காயாமல் இருக்கிற இடம் எதுவோ அதுவே உங்கள் எண். பக்கத்து வீட்டுக்காரரின் எண் உங்களுக்கு உதவாது. அவர் அறை வேறு, அழுத்தம் வேறு. ஒரே ராத்திரியில் ஏ.சி., எண், மெஷின் இடம் என்று மூன்றையும் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். படுக்கும் முன் மெஷின் திரையையும் ஏ.சி. ரிமோட்டையும் கைபேசியில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாலைந்து நாள் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும். டெக்னீஷியன் வந்தால் அவருக்கும் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. ஈரத்தின் எண்ணை நீங்கள் மாற்றலாம். காற்றழுத்தத்தின் எண் மருத்துவர் பரிசோதனை செய்து எழுதிக்கொடுத்தது. அதைத் தொடக்கூடாது.

ஏ.சி. இல்லாமல் தூங்குபவர்களுக்கு வேறு கணக்கு. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமூட்டையாக இருக்கும். கைபேசியின் வானிலைச் செயலியில் 'டியூ பாயின்ட்' என்றொரு எண் வரும், தமிழில் பனிநிலை. காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் தண்ணீராகத் தொடங்குமோ அந்த எண் அது. மழைக்காலத்தில் சென்னையில் அது 24 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதாவது வெளிக்காற்றிலேயே கன மீட்டருக்கு 22 கிராம் ஈரம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நாட்களில் ஹியூமிடிஃபையரை 1-க்கு இறக்கியோ, சூடாக்காமல் அணைத்தோ பாருங்கள்; மூக்குக்கு அதுவே போதும் என்பவர்கள் உண்டு. ஏ.சி. ஓடும் அறைக்கு இந்த எண் பொருந்தாது, ஏனென்றால் ஏ.சி. அறைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியே சொட்டவிட்டுவிடுகிறது.

மெஷின் எங்கே இருக்க வேண்டும்?

தலைக்குக் கீழே. கட்டில் பக்கத்து ஸ்டூலில், உங்கள் தலையணை மட்டத்தைவிடத் தாழ்வாக. அப்படி இருந்தால் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலும் அது தொட்டிப் பக்கம் வழிந்துபோகும், முகத்துக்கு வராது. தலைமாட்டு அலமாரியின் மேலே மெஷினை வைத்திருக்கும் வீடுகளில்தான் இந்த மூக்கில் தெறிக்கும் கதை அதிகம். அதற்காகத் தரையிலும் வைக்க வேண்டாம். தூசியை உறிஞ்சும், கால் இடறும்.

டியூப் நடுவில் ஊஞ்சல் மாதிரி தொங்கக்கூடாது. தொங்கும் பள்ளத்தில்தான் தண்ணீர் நின்று, காற்று அதைக் குமிழ்விட்டுக்கொண்டே போகும். சத்தத்தோடு போவதில்லை, அழுத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் மெஷின்கள் அந்த அதிர்வை மூச்சின் மாற்றமாக எடுத்துக்கொண்டு குழம்பவும் கூடும். கட்டில் தலைப்பலகையில் ஒரு கொக்கி மாட்டி, டியூப்பை அதன்வழி கொண்டுவந்து, அங்கிருந்து மெஷின் வரை சரிவாக இறங்கும்படி வையுங்கள். கழுத்தைச் சுற்றி வராதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டியூப்புக்கு ஒரு ஸ்வெட்டர்

ஊட்டி, கொடைக்கானல், வால்பாறைக்காரர்களுக்கு ஏ.சி. கதையெல்லாம் தேவையில்லை. மார்கழி ராத்திரியில் அறையே குளிர்பெட்டிதான். அவர்களுக்கும், ஏ.சி.யை 24-க்கு ஏற்ற வீட்டில் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் (இது எல்லா வீட்டிலும் நடக்கிற பஞ்சாயத்துதான்) டியூப்பைப் போர்த்துவது எளிய வழி. ஃப்ளீஸ் துணியில் ஜிப் வைத்துத் தைத்த உறைகள் கடையில் கிடைக்கின்றன. தையல் தெரிந்தால் வீட்டிலேயே தைக்கலாம். பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி மாட்டினாலும் வேலை நடக்கும். இன்னும் சுலபமானது, சாதாரண டியூப்பைப் போர்வைக்குள் கொண்டுவந்து உடம்புச் சூட்டில் வைப்பது.

ஆனால் இரண்டு இடங்களைத் துணி மூடவே கூடாது: மாஸ்க்கில் இருக்கிற வெளியேற்றத் துளைகள், மெஷினின் பின்புறம் காற்று இழுக்கும் வாய். நீங்கள் விடும் மூச்சு வெளியே போவது அந்தத் துளைகள் வழியாகத்தான்.

உறையும் போதவில்லை என்றால் சூடாகும் டியூப் இருக்கிறது. உள்ளே மெல்லிய கம்பி ஓடும். காற்று மாஸ்க்கை அடையும் வரை சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ளும். ஈரத்தையும் குறைக்க வேண்டாம், ஏ.சி.யையும் மாற்ற வேண்டாம். மூக்கு வறட்சியும் தண்ணீரும் சேர்ந்து படுத்துபவர்களுக்கு இதுவே முழுத் தீர்வு என்று சொல்லலாம். விலை சாதாரண டியூப்பைவிட நன்றாகவே கூடுதல். வாங்கும் முன் மெஷினின் மாடல் பெயரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு மாடலின் சூடாகும் டியூப் இன்னொன்றில் பொருந்தாது. சில பழைய மெஷின்களில் அந்த வசதியே கிடையாது. இதன் மேல் துணி சுற்றலாமா, போர்வைக்குள் வைக்கலாமா என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சூடு தேங்கக்கூடிய பொருள் அது.

இன்வெர்ட்டரிலோ பேட்டரியிலோ ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெஷினின் மோட்டாரைவிட ஹியூமிடிஃபையரின் சூட்டுத் தட்டும் சூடாகும் டியூப்பும்தான் அதிகம் மின்சாரம் இழுப்பவை. கரண்ட் போன ராத்திரியில் இரண்டையும் அணைத்துவிட்டால் காற்று நீண்ட நேரம் ஓடும். ஏ.சி.யும் நின்றிருக்கும் என்பதால் அன்றைக்குத் தண்ணீர்த் தொல்லையும் இருக்காது!

நடுராத்திரி தண்ணீர் வந்துவிட்டால்

மெஷினை நிறுத்துங்கள். டியூப்பை மாஸ்க்கிலிருந்தும் மெஷினிலிருந்தும் கழற்றி, ஒரு முனையை உயரத் தூக்கித் தண்ணீரை ஒரு மக்கில் வடியுங்கள். டியூப் மெஷினில் மாட்டியிருக்கும்போதே தூக்கிச் சாய்க்காதீர்கள். தொட்டியில் தண்ணீரோடு மெஷினை இடம் மாற்றுவதும் கூடாது. மோட்டார் பக்கம் தண்ணீர் போனால் அப்போதுதான் உண்மையான பழுது. வடித்ததும் ஈரத்தின் எண்ணை ஒன்று இறக்கி, மறுபடி மாட்டிக்கொண்டு தூங்குங்கள். இரண்டு நிமிட வேலை.

டியூப் காய்ந்திருக்கிறது, மாஸ்க் மட்டும் நனைந்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் உங்கள் மூச்சின் ஈரம். குளிர்ந்த பிளாஸ்டிக்கில் மூச்சு பட்டால் கண்ணாடியில் ஊதினதுபோல் படியத்தான் செய்யும். துடைத்துவிட்டு, ஏ.சி. காற்று முகத்தில் நேராக அடிக்காதபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

தேங்கிய ஈரத்தில் கிருமி

காலையில் தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ராத்திரி அதன் மேலேயே புதுசு ஊற்றக்கூடாது. டியூப்பைக் கழற்றிக் கொடியில் தொங்கவிடுங்கள், இரு முனையும் கீழே பார்க்கும்படி. வெயிலில் வேண்டாம், நிழலில். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புத் திரவம் விட்டு அலசினால் போதும். கொதிக்கிற தண்ணீர், டெட்டால், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். அந்த வாசனையைத்தான் பிறகு ராத்திரி முழுக்க மூச்சாக இழுப்பீர்கள்.

தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. போர் தண்ணீரின் உப்பு வெள்ளைப் படிவமாகத் தட்டில் உட்காரும். கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பேட்டரிக்கு என்று விற்கும் கேன் தண்ணீர் உப்பு நீக்கியதாக இருக்கலாம், ஆனால் மூச்சுக்குழாய்க்குள் போகும் சுத்தத்தில் நிரப்பியது அல்ல. யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், வாசனை எண்ணெய் எதையும் தொட்டியில் விடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் தொட்டி ராத்திரி பாதியிலேயே காலியாகிறது, மெஷினின் அடியில் ஈரம் தெரிகிறது, எண்ணை இறக்கினாலும் தட்டு கொதிக்கிறது என்றால் அது டியூப்பின் வியர்வை இல்லை, சர்வீஸுக்குக் கொடுங்கள். பில்லும் வாரன்டி அட்டையும் போட்டோவாகக் கைபேசியில் இருக்கட்டும். வாரன்டி காலத்தில் விற்றவர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம். மெஷின் போட்ட பிறகு விடாத இருமல், காய்ச்சல், மூக்கில் ரத்தம் என்று எது வந்தாலும் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். உடனே ஆலோசனை வேண்டுமென்றால் தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். இ-சஞ்சீவனி செயலி வழியாக வீட்டிலிருந்தே மருத்துவரிடம் வீடியோவில் பேசலாம். பேசும்போது மெஷினின் திரையையும் நனைந்த டியூப்பையும் கேமராவில் காட்டுங்கள்.